நீரடைப்பும் முதுமையும்: காஞ்சி வட்டாரத்தை முன்வைத்துப் புரோஸ்டேட் வீக்கக் குறிகளின் தமிழ் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

முதிய ஆண்களிடம் புரோஸ்டேட் சுரப்பி பருப்பதால் தோன்றும் சிறுநீர்க் குறிகள் தமிழ் மருத்துவ மரபில் எப்பெயர்களால் அறியப்பட்டன, எவ்வாறு பிரித்துணரப்பட்டன, எங்குப் பிற நோய்களோடு மயங்கின என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. திருமுக்கூடல் கல்வெட்டின் மருந்துப் பட்டியல், சுசுருத சங்கிதையின் மூத்திராகாதப் பகுப்பு, சித்த மருத்துவத்தின் நீர்க்குறித் தேர்வு, 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்துத் தமிழ் மருத்துவ நூல்கள், 20ஆம் நூற்றாண்டின் அறுவை மருத்துவம் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. கழிந்த நீரை நோக்கிய தேர்வு, நீர் கழியும் செயலை நோக்கிய வினவலாக மாறியதே இந்நோயறிதல் வரலாற்றின் முதன்மையான திருப்பம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

குறிச்சொற்கள்: நீரடைப்பு, சதையடைப்பு, ஆதுலர் சாலை, நீர்க்குறி, புரோஸ்டேட், திருப்புட்குழி, திருமுக்கூடல்

முன்னுரை

காஞ்சிபுரத்துக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த திருப்புட்குழி, திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்ற தலம். சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலவரலாறு. யாதவப்பிரகாசரிடம் இராமானுசர் பாடம் கேட்ட ஊர் என்று வைணவ குருபரம்பரை மரபு இதனைச் சுட்டுகிறது. வறுத்த பயற்றை மடியில் கட்டி உறங்கி, அது முளைத்தால் மகப்பேறு வாய்க்கும் என்னும் நம்பிக்கை இத்தலத்தில் இன்றும் வழங்குகிறது. உடலைப் பற்றிய கவலை கோயிலோடு பிணைந்து நிற்பதற்கு இவ்வழக்கம் ஒரு சான்று. ஆயின் அக்கவலை மகப்பேற்றைச் சார்ந்தது, பொதுவெளியில் சொல்லத்தக்கது. அதே வீட்டின் முதியவர் இரவில் நான்கு முறை எழுந்து கொல்லைப்புறம் செல்வதும், அங்கு நெடுநேரம் நிற்பதும் சொல்லப்படாத துன்பங்கள். ‘வயதானால் அப்படித்தான்’ என்ற ஒரு தொடருக்குள் அவை அடங்கிவிடுகின்றன.

அத்தொடர் முற்றிலும் பிழையன்று என்பதே சிக்கல். ஆண்களின் சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சூழ்ந்து, சிறுநீர்க்குழாயின் தொடக்கப் பகுதியை வளையம் போலத் தழுவி நிற்கும் புரோஸ்டேட், இளமையில் ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ளது. நடுவயதுக்குப் பின் அது பருக்கத் தொடங்குகிறது. 1984இல் பெர்ரி முதலானோர் வெளியிட்ட பிணக்கூற்று ஆய்வுத் தொகுப்பின்படி, 51 முதல் 60 வயது வரையுள்ள ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இப்பருத்தலின் திசுக்கூறுகள் காணப்படுகின்றன. எனவே இது வயதோடு வருவது என்பது உண்மை. வயதோடு வருவதால் பொறுத்துக்கொள்ள வேண்டியது என்பது வேறொரு கூற்று. இவ்விரண்டும் ஒன்றாகக் கருதப்பட்டதன் விளைவாகச் சிறுநீர் முற்றாகக் கட்டிக்கொண்ட நிலையிலோ, சிறுநீரகம் பழுதுபட்ட பின்னரோ மருத்துவமனைக்கு வந்து சேரும் முதியவர்கள் உள்ளனர்.

திருமுக்கூடல் ஆதுலர் சாலை

காஞ்சிபுரத்துக்குத் தென்கிழக்கே பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்த இக்கல்வெட்டு ‘வீரசோழன்’ என்னும் பெயர்கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், சல்லியக்கிரியை செய்வான் ஒருவன், மூலிகை கொணர்ந்து விறகிட்டு மருந்து அடுவார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டுகள் இருவர், நாவிதன் ஒருவன். மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டொன்றுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், சல்லியக்கிரியை செய்வானுக்கு 30 கலம் நெல்லும் என ஊதியம் வகுக்கப்பட்டது. மருந்து கொடுப்பவருக்கும் கத்தி எடுப்பவருக்கும் இடையிலிருந்த மதிப்பு வேறுபாட்டை இவ்வெண்கள் காட்டிவிடுகின்றன.

இச்சாலையில் ஓராண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய இருபது மருந்துகளின் பெயர்களும் கல்லில் உள்ளன. வாசாஹரீதகி, தசமூலஹரீதகி, கோமூத்திரஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் முதலியன அவற்றுள் சில. இப்பட்டியலில் சிறுநீர் நோயொன்றின் பெயரால் அமைந்த மருந்து எதுவுமில்லை. இதனைக் கொண்டு அந்நோய் அங்கு அறியப்படவில்லை என்று முடிவு செய்வது அவசரம். பட்டியல் மருந்துகளுக்கு உரியது, நோய்களுக்கு உரியதன்று. தசமூலம் எனப்படும் பத்து வேர்களுள் நெருஞ்சிலும் ஒன்று. நீரடைப்புக்கும் நீர்க்கடுப்புக்கும் தமிழ் மருத்துவம் முதலில் நினைக்கும் மூலிகைகளுள் நெருஞ்சில், சிறுபீளை, மாவிலிங்கப் பட்டை ஆகியவை அடங்கும். ஆயின் தசமூலஹரீதகி நீரடைப்புக்காகவே அங்கு வைக்கப்பட்டது என்று கூறவும் இடமில்லை. அது பல நோய்களுக்குப் பயன்பட்ட கூட்டுமருந்து. கல்வெட்டு உறுதியாகத் தருவது ஒன்றே: வேதம் பயின்ற மாணவரும் கோயில் பணியாளரும் நோயுற்றால் படுத்துக்கிடக்க ஓர் இடமும், அவர்களைப் பேண ஊதியம் பெற்ற மனிதரும் காஞ்சி வட்டாரத்தில் இருந்தனர். அப்பணியாளருள் முதியோரும் இருந்திருப்பர் என்பது இயல்பான ஊகம்.

சுசுருதரின் பகுப்பு

அக்காலத்து மருத்துவர் கற்றிருக்கக்கூடிய வடமொழி நூல்களில் சிறுநீர்த் தடைகள் நுட்பமாகப் பகுக்கப்பட்டுள்ளன. சுசுருத சங்கிதையின் உத்தரதந்திரம் மூத்திராகாதத்தைப் பன்னிரண்டாகப் பிரிக்கிறது. அவற்றுள் மூன்று இங்குக் கருதத்தக்கன. முதலாவது வாதாஷ்டீலை: மலவழிக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையில் வாதம் தங்கி, கூழாங்கல் போல் இறுகிய, மேலெழுந்த, அசையாத கட்டியை உண்டாக்கி, நீரையும் மலத்தையும் காற்றையும் தடுக்கிறது. இரண்டாவது மூத்திரோத்சங்கம்: நீர் வரும்போதே இடையில் நின்று, சிறிது சிறிதாக, வலியோடோ வலியின்றியோ கழிகிறது. மூன்றாவது மூத்திரக்கிரந்தி: சிறுநீர்ப்பையின் உள்வாயிலில் தோன்றும் உருண்டையான சிறுகட்டி.

மலவழிக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடைப்பட்ட இடம் என்ற குறிப்பைக் கண்டவுடன் வாதாஷ்டீலையே புரோஸ்டேட் வீக்கம் என்று பல கட்டுரைகள் எழுதிச் செல்கின்றன. இடம் பொருந்துகிறது, பிற கூறுகளைப் பற்றித் தயக்கம் தேவை. இயல்பான பருத்தலில் சுரப்பி விரலுக்கு மென்மையாக, இரப்பர் போன்ற நெகிழ்வோடு தென்படும். கல் போன்ற இறுக்கம் புற்றுநோய் ஐயத்தைத் தரும் குறியாக இன்று கொள்ளப்படுகிறது. மேலும் சுசுருதர் கட்டியை நோயின் விளைவாகச் சொல்கிறார்; காரணம் வாதம். பெயர்களை ஒன்றுக்கொன்று நேராக வைப்பதைவிட, தாரை தடைப்படுதல், விட்டுவிட்டு வருதல், எஞ்சி நிற்றல் ஆகிய மூன்று அனுபவங்களும் அந்நூலில் தனித்தனியே கவனிக்கப்பட்டன என்று கொள்வதே பாதுகாப்பான வாசிப்பு. நோயாளி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்ட ஒருவரே அவ்வாறு பகுத்திருக்க முடியும்.

நீர்க்குறியும் அதன் எல்லையும்

சித்த மருத்துவம் நோய்களை 4448 எனத் தொகுக்கிறது. சிறுநீர் நோய்கள் நீரினைப் பெருக்கல், நீரினைச் சுருக்கல் என்று இருபாற்படும். மேகம், நீரிழிவு ஆகியவை முதற்பாலில் வருகின்றன. நீரடைப்பு, கல்லடைப்பு, சதையடைப்பு, நீர்க்கடுப்பு முதலியன இரண்டாம் பாலில். ‘சதையடைப்பு’ என்ற சொல் கவனத்துக்குரியது. கல்லால் அடைபடுவது வேறு, சதை வளர்ந்து அடைபடுவது வேறு என்ற வேறுபாட்டை அச்சொல் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. இன்றைய சித்த மருத்துவர் புரோஸ்டேட் வீக்கத்தை இப்பெயரோடு இணைத்துப் பேசுவது இதனாலேயே.

எண்வகைத் தேர்வுகளுள் மூத்திரமும் ஒன்று. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறைகள் இதனை ஒரு தனிக்கலையாக வளர்த்தன. விடியற்காலை நீரைக் கண்ணாடிக் கலத்தில் ஏந்தி, நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்னும் ஐந்தையும் நோக்குவது நீர்க்குறி. அந்நீரின் மேல் நல்லெண்ணெய்த் துளி விட்டு, அது பாம்பு போல் நீண்டால் வாதம், மோதிரம் போல் வளைந்தால் பித்தம், முத்துப் போல் நின்றால் கபம் என்று அறிவது நெய்க்குறி.

இம்முறை கழிந்த நீரைப் பற்றியது. நீர் கழிந்த விதத்தைப் பற்றியதன்று. புரோஸ்டேட் வீக்கத்தில், தொற்றோ கல்லோ சேராதவரை, கலத்தில் ஏந்திய நீர் பெரும்பாலும் இயல்பான நிறத்தோடும் மணத்தோடும் இருக்கும். நோய் நீரில் இல்லை, தாரையில் இருக்கிறது. அதனினும் சுவையான முரண் ஒன்று உண்டு. நீர்க்குறித் தேர்வு இரவெல்லாம் தங்கிய விடியற்காலை நீரைக் கேட்கிறது. இரவில் ஐந்து முறை எழுந்தவரிடம் அவ்வாறு தங்கிய நீரே இருப்பதில்லை. தேர்வுக்குரிய பொருள் கிடைக்காமற் போவதே நோய்க்குறியாக இருக்கும் நிலை இது. சித்த மருத்துவத்தில் பொறியாலறிதல், புலனாலறிதல் ஆகியவற்றோடு வினாதலும் நோயறியும் வழியாகக் கூறப்பட்டுள்ளது. இந்நோயைப் பிடிக்கும் வழி அதுவே. எனினும் பிற்காலப் புகழ் கலத்துக்கும் எண்ணெய்த் துளிக்குமே வாய்த்தது.

சொற்களின் மயக்கம்

வழக்குச் சொற்கள் இரண்டு இடங்களில் நோயறிதலைத் திசைதிருப்பின. முதலாவது ‘சூடு’. நீர் கழிப்பதில் ஏற்படும் எத்துன்பமும் உடற்சூட்டின் விளைவு என்று கருதி, கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுவதும், இளநீர், வெந்தயம், பார்லிக் கஞ்சி ஆகியவற்றை மிகுதியாகப் பருகுவதும் தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கம். எரிச்சலோடு கூடிய நீர்க்கடுப்புக்கு மிகுதியாக நீர் பருகுவது பொருத்தமானதே. ஆனால் வாயில் அடைபட்ட பையில் குறுகிய நேரத்தில் மிகுதியான நீரைச் சேர்ப்பது, முற்றான நீர்க்கட்டை விரைவில் வரவழைக்கக்கூடும். சளிக்காக உட்கொள்ளும் சில மாத்திரைகளும் பையின் கழுத்துத் தசையை இறுக்கி அதே விளைவைத் தருகின்றன. கடுப்பும் அடைப்பும் பேச்சுவழக்கில் ஒன்றாகிவிட்டபோது, ஒன்றின் மருந்து மற்றதன் கேடாயிற்று.

இரண்டாவது ‘மேகம்’. நூல்வழக்கில் சிறுநீர் நோய்த் தொகுதியொன்றைக் குறித்த இச்சொல், மேகவெட்டை போன்ற பாலியல் நோய்களோடும் சேர்ந்து ஒழுக்கப் பழியைச் சுமந்தது. எழுபது வயதில் தனக்கு நீர்த்தாரை தடைப்படுகிறது என்று மகனிடமோ மருமகளிடமோ கூறத் தயங்கும் முதியவரின் நாணத்துக்கு இச்சொல் வரலாறும் ஒரு காரணம். அச்சு ஊடகங்களில் புரோஸ்டேட்டுக்கு ‘ஆண்மைச் சுரப்பி’ என்ற பெயர் புகுந்தது அந்நாணத்தைக் குறைக்கவில்லை. கிரேக்க மூலச்சொல்லின் பொருள் ‘முன்னிற்பது’ என்பதே. ‘முன்னிற்கும் சுரப்பி’ என்ற நேர்மொழிபெயர்ப்பு பழியற்றது. ஆயினும் வழக்கில் வேரூன்றவில்லை.

யாழ்ப்பாணத்துத் தமிழ் நூல்கள்

சுரப்பி என்ற உறுப்பையே தமிழில் அறிமுகப்படுத்தும் பணி 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நிகழ்ந்தது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மாணவருக்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். ட்ரூயிட்டின் அறுவை மருத்துவ நூல் ‘இரணவைத்தியம்’ என்ற பெயரில் 1867இலும், கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872இலும் அவரது முயற்சியால் தமிழில் வெளிவந்தன. இவற்றின் ஆங்கில மூலங்கள் இரண்டும் புரோஸ்டேட்டை விளக்குபவை. ட்ரூயிட்டின் நூல் நீர்க்கட்டையும் அதற்குக் குழல் செலுத்தும் முறையையும் கையாள்வது. வடமொழிச் சொற்களையும் தமிழ்ச் சொற்களையும் கலந்து கலைச்சொல் ஆக்கிய அவரது முறை இன்றைய வாசகருக்குக் கடினமாகத் தோன்றலாம். ஆயினும் உடலைத் திறந்து பார்த்த அறிவு தமிழ் உரைநடைக்கு முதன்முறையாக வந்து சேர்ந்த வழிகளுள் இது முதன்மையானது. கற்பிக்கும் மொழி ஆங்கிலமாக மாறியபின் இம்மரபு அறுந்தது.

கல்லும் சதையும்: பிரேயரின் இந்திய ஆண்டுகள்

19ஆம் நூற்றாண்டின் இந்திய அறுவை மருத்துவர்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது கல்லடைப்பு. சிறுவரிடம் மிகுதியாகக் காணப்பட்ட அந்நோயில், நீர் கழிந்து முடியும் தறுவாயில் வலி மிகும். தாரை திடீரென நிற்கும். உலோகக் கருவியை உள்ளே செலுத்தினால் கல்லில் மோதும் ஒலி கேட்கும். முதியவரின் சதையடைப்பு இவ்வாறு ஒலிப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்து, வலியின்றியே பையைத் தளர்த்திவிடும்.

அயர்லாந்தில் பிறந்த பீட்டர் பிரேயர் 1875இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, வடமேற்கு மாகாணங்களில் இருபதாண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். கல்லைப் பைக்குள்ளேயே நொறுக்கி வெளியேற்றும் முறையில் பெயர் பெற்றார். இராம்பூர் நவாப்புக்குச் சிகிச்சை அளித்து ஓர் இலட்சம் ரூபாய் பெற்றதும், அதனால் மேலதிகாரிகளோடு பிணக்கு நேர்ந்ததும் அவர் வாழ்க்கையில் அடிக்கடி கூறப்படும் நிகழ்ச்சிகள். இலண்டனுக்குத் திரும்பியபின், 1900 முதல் அடிவயிற்றைத் திறந்து சிறுநீர்ப்பை வழியாகப் பருத்த சுரப்பியை விரலால் அகழ்ந்தெடுக்கும் அறுவையைப் பரப்பினார். அமெரிக்காவின் யூஜின் புல்லர் அதனைத் தமக்கு முன்பே செய்துவிட்டார் என்ற வழக்கு நெடுநாள் நீடித்தது. முன்னுரிமை யாருக்காயினும், கல்லடைப்பில் இந்திய நோயாளிகளிடம் பயின்ற கை, பின்னர் முதியவரின் அடைப்பைத் திறந்தது என்ற தொடர்பு வரலாற்றாளரால் போதிய அளவு பேசப்படவில்லை. 1945இல் டெரன்ஸ் மில்லின் பையைத் திறவாமலே சுரப்பியை அணுகும் வழியை வெளியிட்டார். அதற்கு முன்பே அமெரிக்காவில் குழாய் வழியாகவே சுரப்பியைச் சீவியெடுக்கும் முறை தொடங்கியிருந்தது. பின்னர் அதுவே உலகெங்கும் நிலைத்தது.

தமிழகத்தில் இந்நோய் மருத்துவமனைகளில் பெருகித் தோன்றியதற்கு ஆயுள் நீட்சியும் காரணம். விடுதலையை ஒட்டிய காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். அவ்வெண்ணைக் குழந்தை இறப்புகளே தாழ்த்தின. வளர்ந்தோர் முதுமை எய்தவே இல்லை என்பது இதன் பொருளன்று. எனினும் அறுபதைக் கடந்தோர் தொகை இன்று பன்மடங்கு என்பதில் ஐயமில்லை.

வினவலாக மாறிய நோய்

1992இல் அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் ஏழு வினாக்கள் கொண்ட குறியீட்டை வெளியிட்டது. வாழ்க்கைத் தரம் பற்றிய வினாவொன்று சேர்ந்து அது பன்னாட்டு மதிப்பெண் முறையாக வழங்கலாயிற்று. கழித்த பின்னும் மீதி இருப்பதாகத் தோன்றுதல், இரண்டு மணி நேரத்துக்குள் மீண்டும் கழித்தல், தாரை விட்டுவிட்டு வருதல், அடக்க முடியாமை, தாரை மெலிதல், முக்கித் தொடங்குதல், இரவில் எழுதல் என்பன அந்த ஏழு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 7 வரை இலேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் 35 வரை கடுமை. சுசுருதர் தனித்தனி நோய்களாக எண்ணியவை இங்கு ஒரே நோயாளியின் ஏழு விடைகளாகின்றன.

இவ்வேழும் இருவகைப்படும். தாரை மெலிதல், விட்டுவிட்டு வருதல், முக்குதல் ஆகியவை வெளியேற்றும் குறைகள். அடிக்கடி செல்லுதல், அடக்கவியலாமை, இரவில் எழுதல் ஆகியவை தேக்கும் குறைகள். மீதியிருக்கும் உணர்வு கழித்து முடித்த பின் தோன்றுவது. முதியவரைத் துன்புறுத்துவன பெரும்பாலும் தேக்கும் குறைகளே. அவரது உறக்கத்தைக் கெடுப்பன அவை. அடைப்பைச் சுட்டுவன வெளியேற்றும் குறைகள். அவற்றுக்கு அவர் பழகிவிடுகிறார். இரவில் எழுவது மட்டும் சொல்லப்படும்போது குடும்பத்தார் சர்க்கரை நோயை நினைக்கின்றனர். அந்நினைப்பு தவறன்று, சர்க்கரையும் பார்க்கப்பட வேண்டும். வேறுபாட்டுக்குரிய வினா ஒன்று உண்டு: ஒவ்வொரு முறையும் மிகுதியாகப் போகிறதா, சிறிதே போகிறதா? நீரிழிவில் அளவு மிகும். அடைப்பில் சிறிதாகப் பலமுறை போகும்.

எல்லாவற்றினும் ஏமாற்றுவது, அறியாமல் நீர் கசிதல். பை நிரம்பி வழியும்போது சொட்டுச் சொட்டாகக் கசிவு ஏற்படும். காண்போர் இதனை முதுமைத் தளர்ச்சி என்பர். நீர் தாராளமாகப் போகிறதே என்றுகூடக் கருதுவர். உண்மையில் நீர் வெளியேறவில்லை. அடிவயிற்றில் கை வைத்தால் நிரம்பிய பை தட்டுப்படும். இது காலந்தாழ்த்தத் தகாத நிலை. நீரில் இரத்தம் காணல், காய்ச்சலோடு எரிச்சல், முற்றாக நீர் கட்டிக்கொள்ளல் ஆகியனவும் அவ்வாறே. சுரப்பியின் பருமனும் துன்பத்தின் அளவும் ஒத்துச் செல்வதில்லை என்பதும் கருதத்தக்கது: பெரிய சுரப்பியோடு இயல்பாக வாழ்வாரும், சிறிய சுரப்பியால் பெரிதும் வருந்துவாரும் உளர். 1994இல் பால் ஏப்ரம்ஸ், இக்குறிகளைச் சுரப்பியின் பெயரால் அழைக்கும் பழக்கத்தையே கைவிட வேண்டும் என்று வாதிட்டார். பையின் தளர்ச்சி, நரம்புக் கோளாறு, மருந்துகள் ஆகியவையும் அதே குறிகளைத் தரும் என்பது அவர் வாதத்தின் அடிப்படை.

மதிப்பெண் முறையைத் தமிழில் பெயர்ப்பது இவ்வரலாற்றின் இன்றைய பகுதி. ‘இரண்டு மணி நேரத்துக்குள்’ என்ற அளவு கடிகாரத்தைப் பார்த்து வாழும் ஒருவருக்கு உரியது. காஞ்சி வட்டாரத்தில் குழித்தறியில் கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு அமர்ந்து நெய்யும் முதியவரிடம், ஒரு சேலையில் எவ்வளவு நெய்வதற்குள் தறியை விட்டு எழ வேண்டியிருக்கிறது என்று கேட்டால் விடை தெளிவாக வரும். ‘தாரை மெலிதல்’ என்பதைவிட, முன்பு எவ்வளவு தூரம் போய் விழுந்தது, இப்போது காலடியிலேயே விழுகிறதா என்ற வினா விளங்கும். ‘முக்குதல்’ என்ற சொல் மலங்கழித்தலையே பெரிதும் நினைவூட்டுவதால், நின்றபின் நீர் தொடங்க எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியுள்ளது. வினவுவோர் யார் என்பதும் விடையை மாற்றும். மருமகள் உடனிருக்கும்போது ‘இல்லை’ என்ற விடையே வரும் இடத்தில், தனியே அமர்ந்து கேட்கும் ஆண் செவிலியருக்கு இரவின் கணக்கு முழுதும் கிடைக்கும்.